பெரிய லீக், சின்ன லீக்

பெரிய லீக்காரனுக்கு,

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஹீட்டரைச் சரிபண்ணிவிட்டேன். நாய் நன்றாக இருக்கிறது.

எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து லீக் சுவாரசியம் என்ற நம் பழைய சண்டைக்காக இந்த வருஷம் கணக்குப் பார்த்தேன். நீ ரசிக்கும் பெரிய லீக்கில் கடைசி இடத்து அணி முதல் அணியை இரண்டு முறை தோற்கடித்திருக்கிறது. அங்கே எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சின்ன லீக்கில் நான் ஸ்கோர் எழுதும் எங்கள் கல்லூரி அணியோ ஜனவரியிலிருந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தது. "உன் லீக்குல யாரு ஜெயிப்பான்னு நம்ம நாய்க்கே தெரியும்டி" என்பாயே, அது சரிதான்.

ஆனால் போன சனிக்கிழமை லீக் இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றோம். அவ்வளவுதான். சின்ன லீக்கிலிருந்து தேசியப் போட்டிக்கு இறுதி ஆட்டத்தில் ஜெயித்த ஒரே ஓர் அணியைத்தான் கூப்பிடுவார்கள். உன் ஆட்கள் பத்துத் தோல்வியோடு ஜம்மென்று உள்ளே போவார்கள்.

"பதினாலு வருஷம் ஒழுங்கா இருந்தேன். ஒரு நாள் தப்புக்கு வெளிய தள்ளுறியா?" என்று பெட்டியோடு வாசலில் நின்று கேட்டாய். நான் சின்ன லீக்கில் வளர்ந்தவள். ஒரே தோல்விக்கு வெளியே அனுப்புவது அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை பையன்கள் உடைமாற்றும் அறையில் அழுவதைக் கேட்டுக்கொண்டே ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டேன். நியாயமாகப் படவில்லை.

என் தங்கை வெர்னா, "அவனுக்கு இன்னொரு சான்ஸா? உனக்கு வெக்கமே இல்லையா?" என்கிறாள். இருக்கிறது.

வருகிற ஞாயிறு மாலை டிவியில் அழைப்புப் பட்டியல் வாசிப்பார்கள். உன் அணியை எப்படியும் கூப்பிடுவார்கள்.

உன்னை நான் கூப்பிடுகிறேன். இதை நம் நாய்கூட எதிர்பார்த்திருக்காது.

ஸ்கோர் மேஜைக்காரி