எண்பத்தைந்து கிலோவுக்குள்

மாமு,

இன்று காலை திருவொற்றியூர் மைதானத்தில் எடை பார்க்க வரிசையில் நின்றேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான கபடிப் போட்டி. முன்னால் நின்றவர் முழங்காலில் தேய்த்திருந்த நீலகிரித் தைல வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய்.

ஞாபகமிருக்கிறதா, ராயபுரத்தில் ஜிம்மே கதியென்று கிடந்தவன் நான். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் கையை மடக்கிக் காட்டச் சொல்வார்கள், நானும் வெட்கமில்லாமல் சட்டையைச் சுருட்டுவேன். உங்கள் கபடி அணியில் கார்னரில் நின்று ஆள் பிடிக்கிறவர் துபாய்க்குப் போனதும் நீ என்னைத் தேடி ஜிம்முக்கே வந்தாய்.

"சொம்மா கண்ணாடியவே பாத்துகினு கீறியே மாமு, ஒருத்தன புடிச்சிக் காட்டு பாப்போம்."

ஆனால் எடை எண்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்றாய். நானோ அதைவிட நிறையவே கூட இருந்தேன். வருஷக்கணக்கில் முட்டையும் கோழியுமாய்த் தின்று கட்டிய சதை. அது கரைந்தால் தெருவில் என்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சிரிக்காதே, அன்றைக்கு என் பயம் அதுதான்.

வேகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஜிம்மை அடியோடு விட்டுவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளோடு போட்டி போட்டு ஓடினேன், அரைவயிறு சாப்பிட்டேன். கை சூம்பியது, தொப்பை மட்டும் அசையவில்லை. "இன்னாடா, சுகரு கிகரு வந்துகீதா?" என்று அம்மாவே கேட்டுவிட்டாள்.

முதல் போட்டி நெருங்கியும் எடை கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆணழகன் போட்டி மேடை ஏறுகிறவன் புத்தி மேடையை விட்டு எங்கே போகும்? போட்டிக்கு முந்தின நாளே உப்பை நிறுத்தினேன், தண்ணீரை நிறுத்தினேன். மேடையில் நரம்பு புடைத்துத் தெரிய நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. தராசு ஒத்துக்கொண்டது, கால் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பிடியிலேயே கெண்டைக்கால் சுண்டி இழுத்து அலறியபடி விழுந்தேன். பாடி வந்தவன் சாவகாசமாய் நடந்தே கோட்டைத் தாண்டிப் போனான். மைதானமே சிரித்தது. நீதான் மண்ணில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, தைலம் தேய்த்துவிட்டாய்.

"கஸ்மாலம்! போஸ் குடுக்கவா வந்த? தண்ணி குடிக்காம எவனாச்சும் கபடி ஆடுவானா?"

அடுத்த நாள் காசிமேட்டு டீக்கடையில் நமக்குள் பெரிய சண்டை. கபடியே என் உடம்பைத் தின்கிறது என்றேன். "ஓட்டத்த நான் பாத்துக்கறேன். தூக்கறத இன்னாத்துக்கு நைனா வுட்ட? அத நானா வுடச் சொன்னேன்?" என்றாய். பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்குத் திரும்பினேன். பழைய பாரத்தையே குறைக்காமல் தூக்கினேன், எத்தனை சுற்று என்பதை மட்டும் பாதியாக்கினேன். மற்ற நாட்கள் உன்னோடு ஓட்டம், பிடி, மூச்சு. தட்டில் சோறு குறைந்தது, மீன் குறையவில்லை. உன் வீட்டுக் கறிக்குழம்பும் குறையவில்லை. அவசரப்படாமல் மாதக்கணக்கில் இறக்கினோம். தொப்பை போனது. கை அப்படியே நின்றது.

பிறகு காசிமேட்டு அணியோடு அந்த இறுதி ஆட்டம். வலை இழுத்து உரமேறிய ஆட்கள். ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசியாகப் பாடி வந்தவன் நம் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது அவன் தொடையைக் கட்டிப்பிடித்தேன். நடுக்கோடு வரை என்னை இழுத்துக்கொண்டே போனான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது என் கால் ஊன்றியது. அதற்குமேல் அவனால் நகர முடியவில்லை. விசில் ஊதியதும் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கப் பார்த்தாய். முடியவில்லை. இருவரும் மண்ணில் உருண்டோம்.

"இன்னா வெய்ட்டுடா நீ! எளச்சிட்டேன் எளச்சிட்டேன்னு அழுதுகினு இருந்தியே!"

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். இந்த வசவுக்கு ஈடான பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பாழாய்ப்போன மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, உன்னைக் கிடத்திய சந்தூக்கு பள்ளிவாசலிலிருந்து தோள் மாறித் தோள் மாறிப் போனது. எல்லாருக்கும் ஒரு பங்கு வேண்டுமே. என் முறை முடிந்ததும் விலகி, கூட்டத்தைச் சுற்றி முன்னால் ஓடி மறுபடி தோள் கொடுத்தேன். மறுபடி விலகினேன், மறுபடி ஓடினேன். "போதும்பா, மூச்சு வாங்கப் போவுது" என்றார் உன் அண்ணன். வாங்கவில்லை மாமு. கபர்ஸ்தான் வரைக்கும் வாங்கவில்லை.

இன்று மாலையும் ஜெயித்தோம். என் பிடியில் சிக்கி விழுந்தவர் எழுந்து, என் தோளைத் தட்டிப் பார்த்து, "ஜிம் பாடியா, கபடி பாடியாண்ணே?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றேன்.

தூக்குவது என்னோடு பிறந்த பைத்தியம். ஓட்டம் நீ கொடுத்தது. நாளைக் காலையும் ஓடப் போகிறேன்.