மகன் ஓங்கிய கை

பிப்ரவரி 11, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நெத்திலிக் குழம்பு வைத்தேன். உப்புக் கூடிப்போச்சு. அவர் தட்டைத் தூக்கி எறிந்தார். என் முடியைப் பிடித்தார். எப்பவும் நடக்கிறதுதான். ஆனால் இன்றைக்கு அமலன் ஓடிவந்து அவரைச் சுவரோடு சாய்த்து, கன்னத்தில் இரண்டு அறை விட்டான். "இனிமே எங்கம்மா மேல கை வச்சே, கொன்னுருவேன்."
அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.
எனக்குச் சந்தோஷமா, பயமா? தெரியவில்லை. அழுதேன்.

பிப்ரவரி 13
இறால் கம்பெனியில் அதே பேச்சு. "ஒம் மவன் ஆம்பளயாயிட்டாம்லா, இனிமே ஒனக்கென்ன ளா!" என்றாள் பக்கத்தில் நின்று தோலுரிக்கிற பிளாரன்ஸ். அமலனுக்குப் பத்தொன்பது வயசுதான். ஹார்பரில் கப்பலேறி கன்டெய்னரைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.
அவர் இப்போதும் குடிக்கிறார். சத்தம் மட்டும் இல்லை.

மார்ச் 3
"சோறு ஆறிப்போச்சு" என்று அமலன் தட்டைத் தள்ளினான். தள்ளத்தான் செய்தான், எறியவில்லை.

மார்ச் 19
தங்கச்சி விஜிலாவின் போனை அமலன் பிடுங்கி வைத்துக்கொண்டான். கேட்டால், "ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறான்.

ஏப்ரல் 6, சனி
விஜிலா பஸ் ஸ்டாண்டில் கூடப் படிக்கிற பையனோடு பேசிக்கொண்டு நின்றாளாம். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அமலன் விட்டான் ஒரே அடி. உதடு கிழிந்துவிட்டது. குறுக்கே போன என்னையும் தள்ளினான். "நீ பேசாத. இந்த வீட்டுல இனிமே நான் சொல்லுததுதான்."
யார் குரல் அது?
மூலையில் கிடந்தவர் சிரித்தார். "எம் மவம்லா" என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு
விஜிலாவைக் கூட்டிக்கொண்டு பிளாரன்ஸ் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டேன். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "நீதாம்லே என்னயக் காப்பாத்துனே. அதுக்காக ஒங்கிட்ட அடி வாங்க முடியாது."
"அந்தாள்கூட இத்தன வருஷம் இருந்தே. என்னய மட்டும் விட்டுட்டுப் போறியா?"
துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இன்னும் அந்தக் கேள்வி காதுக்குள்ளேயே கிடக்கிறது. பெத்த பிள்ளைய... மாதாவே.

மே 12
அப்பனும் மகனும் சேர்ந்து குடிக்கிறார்களாம்.

ஜூன் 23, ஞாயிறு
வாசலில் அமலன். குடிக்கவில்லை. மெலிந்திருந்தான்.
"எம்மா, உள்ள வரட்டா?"
"எங்கிட்ட கேக்காத. ஒந் தங்கச்சிட்ட கேளு."
கேட்டான். உள்ளேயிருந்து விஜிலா, "வேண்டாம்" என்றாள்.
அவன் முகம் சிவந்தது. என் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அவன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, ஒரு படி கீழே இறங்கி நின்றான்.
"சரி. அடுத்த ஞாயிறு வந்து கேக்கேன்."

ஜூன் 30
வந்தான். கேட்டான். "வேண்டாம்." போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஜூலை 14, ஞாயிறு
இன்றைக்கும் வந்தான். "இப்போ வேண்டாம்" என்றாள் விஜிலா. போன வாரம்வரை வெறும் 'வேண்டாம்'தான்.
காப்பியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். படியில் நின்றே குடித்தான். கீழே இறங்கி, தெருக்குழாயில் டம்ளரைக் கழுவி, மறுபடி ஏறிவந்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.