ஆலங்காட்டுப் பட்டியை அடைத்த சேந்தன்

மழை பிழையாது பெய்க. மேயப் போன மாடு மாலையில் கன்றிடம் சேர்க.

கருந்துறை நாட்டைத் தன் குடைக்கீழ்க் காக்கும் பெருந்தேவி எழிலாவை என்னும் அரசி, தன் மணலூர்க் கூற்றத்தை ஆளும் வேள் மாவண்கோவுக்கு விடுக்கும் ஓலை. நீரும் நும் சுற்றமும் நலமே வாழ்க. நும் குடிகளின் அடுப்பில் பால் பொங்குக.

பெருவெள்ளத்தில் மணலூர் மாடெல்லாம் ஆற்றோடு போயின என்றும், உழ எருதின்றியும் பிள்ளைகளுக்குப் பாலின்றியும் குடிகள் வாடுகின்றனர் என்றும், நோயற்றதென நம் முத்திரை பெற்ற நிரை ஒன்றை அனுப்பியருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தீர். அந்நிரை இவ்வோலையோடு வருகிறது. ஒவ்வொரு மாட்டின் கொம்பிலும் நம் சக்கரக்குறி சுடப்பட்டுள்ளது. அக்குறி எவ்வாறு இடப்பட்டது என்பதை அறிந்தே நீர் அதைப் பெறல் வேண்டும்.

நிரையை நடத்தி வருபவன் நம் ஆநிரை அதிகாரி நக்கன் சேந்தன். நம் நாட்டு மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்ற காலத்தில் அவன் இப்பணியை ஏற்றான். தொழுவங்களின் தரையை மேடாக்கி ஈரம் வடியச் செய்தான். மாடு குடிக்கும் குளத்தில் மாடு கழுவுவதைத் தடுத்தான். சந்தையில் வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டி வைத்துப் பார்த்த பின்னரே ஊர் மாடுகள் அடையும் பட்டியில் சேர்க்க வேண்டும் என விதித்தான். முதலில் முணுமுணுத்த குடிகளே பின்பு கன்றுகள் கொழுத்துத் துள்ளுவதைக் கண்டு அவனை வாழ்த்தினர்.

ஆலங்காடு என்னும் ஊரில் ஒருவன் அவ்விதியை மீறிச் சந்தை எருதுகளைப் பொதுப்பட்டியில் விட்டான். அவற்றோடு வெக்கை நோய் புகுந்தது. கண்ணில் நீரும் வாயில் நுரையுமாய் மாடுகள் படுத்தன. நோய் கண்ட பட்டியை முள்வேலியிட்டு அடைக்க வேண்டும், உள்ளிருக்கும் மாடு ஒன்றும் வெளியேறலாகாது, உள்ளே தங்கும் மனிதரும் நோய் அடங்கும்வரை வெளியே வரலாகாது என்பது சேந்தன் வகுத்து நாம் ஒப்பிய ஆணை. அப்பட்டியில்தான் அவன் தங்கை பூதியின் மாடுகளும் நின்றன. கணவனை இழந்த அவளுக்கு அவையே துணை.

வேலி கட்டும்போது பூதி ஒரு கிடாரிக் கன்றை அணைத்துக்கொண்டு வந்து நின்றாளாம்.

"அண்ணே, இது ஒண்ணையாவது கொண்டுபோ. இதுக்கு ஒண்ணும் இல்ல. மூக்கத் தொட்டுப் பாரு."

சேந்தன் தொட்டான். மூக்கு ஈரமாய்க் குளிர்ந்திருந்தது, கண் தெளிந்திருந்தது.

"இப்பத் தெரியாது பூதி. நோவு உள்ளுக்குள்ள இருந்துட்டுத்தான் வெளிய வரும். இத விட்டா ஊரு மாடெல்லாம் போயிரும்."

"உன் வீட்டு மாடா இருந்தா இப்படிச் செய்வியா?"

அவன் முள்ளை இழுத்து வாயிலை அடைத்தான். பூதி உள்ளேயே தங்கிவிட்டாள்.

நாள்தோறும் சேந்தன் வேலியருகே கஞ்சிக்கலயம் வைப்பான். அவன் விலகிப் போன பின்னரே அவள் எடுப்பாள். நோயுற்ற மாடுகளின் வாயைக் கழுவி, கையால் நீர் ஊட்டி, செத்தவற்றுக்குத் தானே குழி வெட்டினாள். விடாமழையில் நனைந்தபடி வெட்டினாள். ஒருநாள் காலையில் வைத்த கலயம் மாலைவரை வைத்த இடத்திலேயே இருந்தது.

சேந்தன் அழைத்துப் பார்த்தான். மறுகுரல் இல்லை. வேலியைத் தாண்டினால் தானும் உடனே திரும்ப முடியாது என்று அறிந்தே தாண்டினான். காய்ச்சல் கொதிக்கக் கிடந்த தங்கையை மடியில் சாய்த்தான். அவள் கண் விழித்து, "கன்னுக்குத் தண்ணி வச்சியா?" என்று கேட்டாள். வைக்கிறேன் என்றான். அதுவே அவள் கடைசிச் சொல்.

அவளை அங்கேயே அடக்கம் செய்தான். வேலிக்கு வெளியே நின்று ஊரார் அழுதனர். தலைமாட்டில் நிற்க அவன் ஒருவனே இருந்தான். ஆணையின்படி நோய் அடங்கும்வரை அப்பட்டியிலேயே கிடந்து, கன்றுக்கு நீர் வைத்தான். மற்ற மாடெல்லாம் மாண்டன. அக்கன்றுக்கு மட்டும் கடைசிவரை நோய் வரவே இல்லை.

வெக்கை ஆலங்காட்டு வேலியைத் தாண்டவில்லை. நோய் அடங்கியபின் சேந்தன் வெளியே வந்து, பக்கத்து ஊர்களின் பட்டிகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, அவற்றிலிருந்தே நுமக்குரிய நிரையைத் தேர்ந்தான். பின்பு நம் முன் வந்து நின்றான். நாடு அவனால் பிழைத்தது என்றோம். அவன் தலை நிமிரவில்லை.

"அடைச்சது சரிதான் தாயே. ஆனா அந்தக் கன்னு நல்லாத்தானே இருந்துச்சு."

அன்றே இவ்வோலையை எழுதச் செய்தோம்.

ஆதலின் நாம் இடும் ஆணை: நிரை வரும்போது பறையும் கொம்பும் முழங்கற்க. நம் முத்திரை பெற்றதாயினும் சில நாள் தனியே நிறுத்திப் பார்த்த பின்னரே குடிகளுக்குப் பகிர்ந்தளிக்க. நோய் கண்ட பட்டியை அடைக்கும் விதி மணலூரிலும் நிற்க. யாருக்காகவும் அது தளரற்க. ஆயினும் அடைத்த பட்டிக்குள் எவரையும் இனித் தனியே விடலாகாது. வேலி கட்டும் நாளிலேயே மருத்துவர் ஒருவரும் துணையாள் ஒருவரும் உள்ளே புகுந்து, அது திறக்கும்வரை உடனிருக்க. இது நம் ஆட்சி எல்லை முழுதும் செல்லும். இதற்குச் சான்றாக நம் இலச்சினை இட்டோம்.

இலச்சினை இட்ட பின் சேர்த்தது: சேந்தன் மணலூரிலேயே தங்க விரும்பினால் வீடு தருக. திரும்ப விரும்பினால் தடுக்க வேண்டா. ஆனால் ஆலங்காட்டு வழியே விடாது, தொலைவாயினும் ஆற்றங்கரை வழியே, பேச்சுத்துணைக்கு ஆள் கூட்டி அனுப்புக.