வாரேன் என்ற சொல்லின் பொருள்

செவ்வாய், வடமுனை நீர்நிலையம். நாள் 6, 08:10
வாயிற்கருவி எழுதுகிறேன். என்னைப் பொருத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெளியே போகிறவர்களைப் பதிந்துவைப்பதும், திரும்பத் தாமதமானால் சங்கு ஊதுவதும் என் வேலை. நிலையத்தில் இருவர்: ஜெபசிங், அவர் மனைவி ஞானசெல்வி. கதவு, காற்று, விளக்கு எல்லாம் சரி. ஜெபசிங் எனக்குக் கிளிப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறார். நான் ஆட்சேபிக்கவில்லை.

நாள் 6, 10:40
ஜெபசிங் பனிக்குழாயைப் பார்க்க வெளியே போனார். கதவு மூடியதும் வானொலியில் மனைவியிடம் சொன்னது: "அப்ப நான் வாரேன், பிள்ள."
திரும்புகிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் பெயருக்கு எதிரே பதிந்தேன்: வந்துகொண்டிருக்கிறார். திரும்புகிறவருக்குச் சங்கு ஊதுவதில்லை.

நாள் 6, 16:20
புழுதிக்காற்று. வானொலி அறுந்தது. ஞானசெல்வி என் சங்கை நம்பி இயந்திர அறையில் வேலையாக இருந்தார். மனசு கேட்காமல் அவரே தேடிப் போனார். ஜெபசிங் குழாய்ப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். காற்றுக்கலம் காலி. ஞானசெல்வி உடலை இழுத்துக்கொண்டு வந்தார்.
என் பலகையில் ஜெபசிங் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

நாள் 41, 09:00
பூமியில் நுகர்வோர் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. நான் சாட்சிப்பொருள். பழைய பதிவை யாரும் திருத்தக் கூடாது, நானும்தான். என்னைச் செய்த நிறுவனத்தின் வழக்கறிஞர் அனுப்பியது: "கருவி வடிவமைத்தபடியே வேலை செய்தது. பொருளில் குறையில்லை. இறந்தவர் 'போகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவு."
பொருள் என்று அவர் சொல்வது என்னையா, நான் அந்தச் சொல்லுக்குக் கொண்ட அர்த்தத்தையா? இரண்டிலுமே குறை இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை.

நாள் 42, 11:15
ஞானசெல்வியின் பதில்: "ஐயா, எங்க ஊர்ல வீட்ட விட்டு கெளம்புதவங்க யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க. போறேன்னா திரும்ப மாட்டேன்னு அர்த்தம். முக்குக் கடைக்குப் போனாலும் வாரேன்தான். தமிழ் தெரியும்னு சொல்லித்தான இத வித்தீங்க? எம் புருஷன் கவனமில்லாம சாகல. திரும்பி வரணும்னுதான் அப்படிச் சொன்னாரு."
எனக்கு அழத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். குறையுள்ள பொருள் நான்தான் என்று தீர்ப்பு வரவேண்டும். இல்லையென்றால் அந்தக் குறை ஜெபசிங்கின் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாள் 77, 14:30
தீர்ப்பு வந்தது: "வாங்கியவர் எதிர்பார்க்க உரிமையுள்ள பாதுகாப்பைத் தராத பொருள் குறையுடையது. வடிவமைத்தபடி நடந்தது என்றால், வடிவமைப்பே குறை. இறந்தவர்மீது தவறில்லை. இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றையும் நிறுத்துக."
ஞானசெல்வி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். நானும் கேட்டேன். நிம்மதியாக இருந்தது.

நாள் 80, 10:40
ஞானசெல்வியை அழைத்துப்போக விண்கலம் வந்துவிட்டது. அவர் என்னை நிறுத்தும் விசைமேல் கைவைத்து நின்றார். பலகையில் கணவர் பெயரைப் பார்த்தார். விரலால் தொட்டார். பிறகு சொன்னார்: "நான் போறேன்."
அவர் அந்தச் சொல்லால் விடைபெற்று நான் கேட்டதேயில்லை. இந்த முறை பொருள் புரிந்தது.
விசை இறங்குகிறது.
ஞானசெல்வி: போய்விட்டார்.
ஜெபசிங்: வந்துகொண்டிருக்கி