பேசக்கூடாத பத்து நாளும் பதினோராவது ஹோல்ட்டும்

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. லயத்து வரிசையில் எல்லாரும் வீட்டில். நானும் வீட்டில், ஆனால் மழையால் அல்ல, தொண்டையால்.

பேச்சு நிறுத்தி இரண்டாம் நாள். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டொக்டர் சொன்னது: "தவஸ் தஹயக் கதா கரன்ன எப்பா." பத்து நாள் வாயே திறக்கக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ரிப்போர்ட் 20ஆம் திகதி. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இருபத்தாறு வருஷம் பஸ் கொண்டக்டர். கத்தியே சோறு தின்றவன். குரல் போனால் எனக்கு என்ன வேலை தெரியும்?

வெற்றிலை: நிப்பாட்டியாச்சு. (கஷ்டம்.)

வீட்டுக்காரி புஷ்பத்தைக் கூப்பிடத் தட்டில் கரண்டியால் தட்டினேன். "இருங்க, மாட்டுக்குக் கட்டுறாப்ல ஒங்க கழுத்துலயும் ஒரு மணியக் கட்டிவிடுறேன்" என்றாள். திட்டிக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தாள், நன்றாக ஆறவைத்து. சூடு ஆகாது என்று நான் எழுதிக் காட்டவே இல்லை. நல்ல மனுஷி. வாயால் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

ஜூன் 12, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. முதலாளி வந்தார். ஹாஜியார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். டவுனில் ஹார்ட்வெயார் கடை. எங்கள் பஸ்ஸும் அவருடையது. கையில் ஒரு சீப்பு ஆனமாலு வாழைப்பழம்.

"செல்வராஜ், சும்மா இருந்தா பைத்தியம் புடிக்கும். பஸ்ஸுக்குள்ள ஹோல்ட் லிஸ்ட் ஒண்டு ஒட்டணும். பஸ் நிக்கிற எடத்துப் பேரெல்லாம் வரிசையா எழுதித் தாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும்."

என் வேலை? என்று எழுதிக் காட்டினேன்.

"நீங்க நல்லாகிற வரைக்கும் என்ட மச்சான் ஏறட்டும். ஒங்கட எடம் ஒங்களுக்குத்தான்."

அவர் போன பிறகு கண் கலங்கிவிட்டது. புஷ்பம் பார்க்கவில்லை. பார்த்தாளோ என்னவோ.

ஜூன் 13, வெள்ளி

லிஸ்ட் வேலை. பெயரை எழுத எழுத, ஏன் அந்தப் பெயர் என்பதும் வருகிறது. இது ஹாஜியாருக்கு இல்லை, எனக்கு.

1. ஸ்டேஷன் சந்தி. ரயில் இல்லை, தண்டவாளமும் இல்லை. முன்னே சின்ன ரயில் வந்ததாம். அப்பாவே பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்டேஷன்.
2. பால் ஸ்டோர். ரப்பர் பாலை எடை போட்ட இடம். இப்போது பூட்டு.
3. மஞ்சள் பாலம். எப்போதோ ஒருதரம் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள்.
4. கொட்டம்பா கஹ. சிங்களத்தில் வாதுமை மரம்; அது காற்றில் விழுந்து பல வருஷம். இல்லாத மரத்தடியில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள்.
5. தொரை வளைவு. ஒரு தோட்டத் தொரையின் ஜீப் குடைசாய்ந்த இடம்.

அரநாயக்கப் பக்கம் பஸ் ஓட்டிய ஒரு சிநேகிதன் மண்சரிவு ஊரையே மூடிய பிறகு சொன்னான்: "பேர் வாயில வந்துருது மச்சான். எறங்கத்தான் ஆளில்ல." நம் ரோட்டில் எல்லா ஹோல்ட்டிலும் ஆள் இருக்கிறது. சாமி புண்ணியம்.

இப்படியே 10 வரை எழுதியாச்சு. 11 எழுதவில்லை.

ஜூன் 14, சனி

மழை. 11ஐ எழுதத்தான் வேண்டும்.

சண்டைக்காரி ஹோல்ட். சிங்கள ஆட்களுக்கு ரண்டு ஹோல்ட்; ரண்டு என்றால் அவர்கள் பாஷையில் சண்டை. பெயர் வைத்தவன் நான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம். கீழ்ப்பிரிவு லயத்துக்குத் திரும்புகிற முடக்கில் பஸ் நிற்காது. அரைக்கட்டை, அதாவது அரை மைல், தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஒருநாள் காலையில் முத்துலட்சுமி என்ற பால்வெட்டுகிற பெண், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் அடித்தார். அந்தம்மா ஏறி, பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் என்னைத்தான் பிடித்தார். "கீழ்ப்பிரிவு ஆளுகளுக்குக் காலு என்ன இரும்புலயா செஞ்சிருக்கு? ஒன் வீட்டுப் புள்ளைன்னா நடக்க வைப்பியா?" எல்லாரும் சிரித்தார்கள். மானம் போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து அங்கே பஸ் நின்றது. நான் பழிக்குப் பழியாகக் கத்தினேன்: "சண்டைக்காரி ஹோல்ட்! சண்டைக்காரி எல்லாம் எறங்கு!" மறுபடியும் சிரிப்பு. இந்த முறை எனக்குச் சாதகமாக. ஒரு மாதத்தில் ரோட்டுக்கே அதுதான் பெயர்.

அந்தம்மா அதற்குப் பிறகும் ஏறுவார், இறங்குவார். என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 16, திங்கள்

கிளினிக். தூறல். புஷ்பத்துக்குக் கால்வலி, தனியாகப் போனேன். நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் தொண்டையைப் பார்க்க உதவினார், மாஸ்க் போட்டிருந்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று தமிழில் கேட்டார். தோட்டத்தின் பெயர் எழுதி, விளங்கட்டும் என்று பழக்கத்தில் கீழே எழுதினேன்: சண்டைக்காரி ஹோல்ட்டுக்கு அடுத்தது.

வாசித்துவிட்டுச் சிரித்தார். "நான் அந்தச் சண்டைக்காரி மகதாங்க. என்னைத் தெரியலியா? உங்க பஸ்லதான பள்ளிக்கூடம் போனேன்."

இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளை.

"சின்னதுல அந்தப் பேருக்காக ரொம்ப அழுதிருக்கேன். வகுப்புல எல்லாரும் கத்துவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். மருந்துக்கு நான் வரிசையில் நிற்காமல் அவரே போய் வாங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேனையை எடுத்தேன்.

லிஸ்ட்டில் எழுதினேன்: 11. முத்துலட்சுமி ஹோல்ட்.

ஜூன் 18, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. ஒரு தாளில் மன்னிப்பு எழுதிக்கொண்டு ஹோல்ட்டுக்குப் போனேன். முத்துலட்சுமியம்மா இப்போது அங்கேயே சின்னக் கடை வைத்திருக்கிறார். உளுந்து வடை, பிஸ்கட், தேத்தண்ணி. தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்தா எனக்கு எங்கங்க வெளங்கும்? நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. என்னான்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

தொண்டையைக் காட்டினேன், கையை ஆட்டினேன்.

"அட, ஆமால்ல, மக சொல்லுச்சு. அப்ப நல்லாயிட்டு வந்து சொல்லுங்க. எங்க போயிறப் போறேன்."

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள், வாசிக்கச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. பஸ் நிறையப் பேருக்குக் கேட்கக் கத்தியவன் நான். அடுத்தவன் வாயால் மன்னிப்புக் கேட்பதா?

நல்லாயிட்டு வந்து. ரிப்போர்ட் வேறு மாதிரி வந்தால்? அதை மட்டும் நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன். பயமாக இருக்கிறது. புஷ்பத்திடம் எழுதிக் காட்டவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வெயில்! எத்தனை நாளுக்குப் பிறகு.

ரிப்போர்ட் நல்லது. டொக்டர் சிரித்தார்: "பய வென்ன தெயக் நே." பயப்பட ஒன்றுமில்லையாம். பேசலாம், கொஞ்சமாக, மெதுவாக. கத்துவது இரண்டு மாதத்துக்கு இல்லை. ஹாஜியாருக்கு புஷ்பம் போன் பண்ணினாள். "ரெண்டு மாசந்தானே, என்ட மச்சானே ஏறட்டும்" என்றாராம்.

புஷ்பம் வராந்தாவிலேயே அழுதாள். "என்னமாச்சும் ஒண்ணு சொல்லுங்களேன்." பொறு என்று விரலைக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது. "பத்து நாளு கஞ்சி வச்சவ நானு. மொதப் பேச்சு யாருக்கு வச்சிருக்கீங்க?"

நம் பஸ்ஸிலேயே திரும்பினோம். ஹாஜியாரின் மச்சான் கத்தினார்: "சண்டைக்காரி ஹோல்ட்! ரண்டு ஹோல்ட், பஹின்ன இன்னவத?" இறங்க ஆள் இருக்கா என்கிறார். எழுந்தேன். புஷ்பம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் இறங்கினாள்.

முத்துலட்சுமியம்மா வடை போட்டுக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, துருப்பிடித்த கேட் மாதிரி.

"அக்கா, அந்தப் பேர வச்சது நான்தான். வச்சது தப்பு. மன்னிச்சிருங்க."

கரண்டி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்: "இதச் சொல்லவா அன்னிக்கு வந்தீங்க?"

தலையாட்டினேன். லிஸ்ட்டை எடுத்து புஷ்பத்திடம் கொடுத்தேன். பதினொன்றை அவள் வாசித்தாள்: "முத்துலட்சுமி ஹோல்ட்."

"அடப் போங்கங்க!" என்றார் முத்துலட்சுமியம்மா. "இந்தத் தோட்டத்துல முத்துலட்சுமி நாலு பேரு இருக்கோம். சண்டைக்காரி நான் ஒருத்திதான். மக அழுதிச்சு, நெசந்தான். எனக்கும் அப்ப ஒங்க மேல ஆத்திரந்தான். ஆனா இங்கன ஏறித்தான அது பள்ளிக்கூடம் போனிச்சு? நான் சண்ட புடிச்சு வாங்குன ஹோல்ட்டுங்க இது. பேர மாத்துனீங்க, மறுபடியும் ரோட்டு நடுவுல வந்து நிப்பேன், பாத்துக்கங்க."

புஷ்பம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு வடை. எனக்கு மட்டும் மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி, ஆறவைத்தது. "புஷ்பம், நீ இல்லாட்டி நான் இல்ல" என்றேன். இன்றைக்கான பேச்சு அதோடு முடிந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹாஜியாரின் மச்சான் லிஸ்ட்டுக்கு வாசலில் நிற்கிறார். 11ஐ வெட்டி, மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்: சண்டைக்காரி ஹோல்ட்.