உன்மேல் வந்தது அம்மன் இல்லை

தம்பி,

இன்று காலை பால் கறந்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த வாடை வந்தது. வெல்லப்பாகு அடுப்பில் தீய்ந்தால் வருமே, அது. பத்து வருஷம் ஆகியும் மூக்கு மறக்கவில்லை. கொட்டகை வாசலில் செல்லம்மா நின்றாள். நம் எதிர்வீட்டுச் செல்லம்மாவேதான். தன் மகனைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். இருபது வயதுப் பிள்ளை, கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறான். அவன் சட்டையிலிருந்துதான் வாடை வந்தது.

"அக்கா, நேத்துலேர்ந்து இவனுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. காப்புக் கட்டி ரெண்டு நாளுதான் ஆவுது. அம்மா எறங்கிட்டா போல. ஒங்க தம்பிக்கு வந்த மாதிரியே இருக்கு பாருங்க. ஒங்க கையால திருநீறு பூசி ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்," என்றாள்.

பிள்ளையைப் பார்த்தேன். கொட்டாவிமேல் கொட்டாவி விட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கைத்தோல் இறகு பிடுங்கிய கோழிபோலப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது. "இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருநீறு பூசினால் இவனும் உன்னைப்போலச் சாவான். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமாக இந்தத் தெரு கையெடுத்துக் கும்பிடும் உன் பெயர் போய்விடும். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லித் தொலைப்பேன்? மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு எழுத்து இதற்காவது உதவட்டும்.

நீ நல்லவனாகத்தான் இருந்தாய். கிட்டங்கிக்கு அரிசி ஏற்றிப்போன உன் மாட்டுவண்டிச் சக்கரம் உன் பாதத்திலேயே ஏறிய அந்த மழைக்காலம் வரைக்கும் உன்மேல் ஒரு குறை சொல்ல ஆளில்லை. கூட வண்டியோட்டிய ஒருவன், "ஒரு இழுப்பு இழுடா, வலி பறந்துடும்" என்றானாம். வலி பறந்தது, பின்னாலேயே நீயும் பறந்தாய். ஒளிந்து மறைந்து போகிற இடமா அது? சர்க்கார் உத்தரவோடு, பலகை மாட்டி, பட்டப்பகலில் நடக்கிற சண்டுக்கடை. காய்ச்சிய அபினைச் சண்டு என்று பெயர் வைத்து விற்றார்கள். உள்ளே மரப்பெஞ்சில் சாய்ந்து படுத்துக் குழாயில் இழுக்க வேண்டியதுதான்.

நான் திட்டாத திட்டா? "ஏண்டா, கொட்டகையில கெடக்கற எருமைகூட வெயில் ஏறினா எந்திரிக்குது, ஒனக்கு என்ன கேடு?" என்று தெருவே கேட்கக் கத்துவேன். நீ சிரிப்பாய். "இன்னிக்கு ஒரு நாளுதான்க்கா. நாளையிலேர்ந்து தொட மாட்டேன்லா" என்பாய். அந்தச் சிரிப்பில் நான் எத்தனை தடவை ஏமாந்தேன்! கடைசியில் செல்லம்மா உன் கையால் ஊற்றிய பாலைக்கூட வேண்டாம் என்றாள். "அபின்காரன் தொட்டது" என்று செம்பைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தைவிட அவள்மேல் வந்ததுதான் அதிகம்.

என் மகள் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. கோயிலுக்குக் கூட்டிப்போ என்று அவளை உன்னிடம் விட்டேன். விட்டிருக்கக் கூடாது, என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். நீ அவளைச் சண்டுக்கடைப் படியில் உட்காரவைத்துவிட்டு, "மாமா இதோ வந்துடறேன்" என்று உள்ளே போயிருக்கிறாய். குழந்தை எவ்வளவு நேரம் காத்திருக்கும்? எழுந்து சிராங்கூன் ரோட்டுக்கு நடுவே போய்விட்டது. சந்தைக்கு ஓட்டிவந்த மாடுகள் கூட்டமாக வந்த வேளை. பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய உன் மச்சான் அவளைப் பார்த்து, பாய்ந்து தூக்கியிருக்கிறார். அவர் முழங்கை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. நீ வீட்டுக்கு வந்து, "பாப்பா எங்கக்கா?" என்று கேட்டாய்.

உன் மச்சான் சத்தம் போடத் தெரியாத மனிதர். அன்று எழுந்து நின்று, "ஒந்தம்பி இந்த வீட்டுல இருக்கணும்னா தீமிதிக்குக் காப்புக் கட்டட்டும். அம்மனுக்குப் பயந்தாவது விடுவான். இல்லேன்னா நடையைக் கட்டச் சொல்லு," என்றார். நீ பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். மறுநாளே கோயிலுக்குப் போய் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாய். இந்தத் தடவை நீ நிஜமாகத்தான் நினைத்தாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காப்புக் கட்டிவிட்டால் ஆள் சாமி. கொட்டகை ஓரம் வெறுந்தரையில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. கூடப்பிறந்தவளானாலும் 'டா' போடக்கூடாது, திட்டக்கூடாது, "சாமி, எழுந்திரிங்க" என்றுதான் சொல்ல வேண்டும். உன்னைப்போய் 'சாமி' என்று கூப்பிட எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆரம்பித்தது. முதலில் கொட்டாவி, பிறகு மூக்கு ஒழுகல், பிறகு உடம்பு முழுக்க வேர்த்து நடுங்கி, பல் கிட்டிக்கொண்டது. எனக்கு அது என்னவென்று தெரியும், தம்பி. சண்டுக்கடை பூட்டியிருந்த ஒரு நாள் காலையில் நீ இதேபோலத் துடித்ததைப் பார்த்திருக்கிறேன். தேள் கொட்டினவன்போலச் சுருண்டு கிடந்தாயே. மச்சானைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன். அதற்குள் செல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டாடி!" என்று கத்தினாள்.

எங்கிருந்துதான் வந்தார்களோ! நொடியில் கொட்டகை நிறைந்துவிட்டது. உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது. குடம் குடமாக மஞ்சள்தண்ணீரை உன் தலையில் ஊற்றினார்கள். உன் கை பட்ட பால் ஆகாது என்ற செல்லம்மா, உன் காலில் விழுந்து, "தாயே, எங்குடும்பத்தக் காப்பாத்து" என்று அழுதாள். குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அபின்காரன் அக்கா என்று ஒரு வருஷமாகத் தலையைக் குனிந்து நடந்தவளுக்கு அந்த ஒரு நாழிகை வேண்டியிருந்தது.

நீ என்னைத் தேடினாய். கூட்டத்தில் என் முகத்தைக் கண்டுபிடித்து, கையை நீட்டினாய். குனிந்தேன். "அக்கா, நாந்தான்க்கா. அம்மன் இல்ல. முடியலக்கா, ஒரு வாய் கஞ்சி குடு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ," என்றாய். மெல்லிய குரல்தான். உடுக்கைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

முகத்தைத் துடைக்கிற சாக்கில் என் முந்தானையால் உன் வாயைப் பொத்தினேன்.

"என்ன சொல்றா அம்மா?" என்று கேட்டார்கள். "எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு சொல்றா," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்த வாக்கு.

சாமி மலையேறும்வரை அன்னம் கூடாது என்றார்கள். கொடுத்ததெல்லாம் வேப்பிலை அரைத்த தண்ணீர். அதையும் வாந்தி எடுத்தாய், வயிறு வேறு நிற்காமல் போயிற்று. நாளைக்குள் தெளிந்துவிடுவாய், அபினும் போன மாதிரி இருக்கும், மானமும் வந்த மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை உன்னை எழுப்பப் போனேன். "சாமி, எழுந்திரிங்க" என்றேன். பிறகு "டேய்" என்றேன். பிறகுதான் கத்தினேன்.

அம்மன் தன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்றது தெரு. வேப்பமரத்தடியில் உனக்கு ஒரு விளக்கு வைத்தார்கள். தீமிதிக்குப் போகிறவர்கள் இன்றும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் நடக்கிறார்கள், என் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு. பூசப் பூச எனக்கு விரல் எரியும். ஆனாலும் பூசினேன்.

இன்று சுவரை விட்டு வெளியே வந்தேன். திருநீற்றுத் தட்டை எடுக்கவில்லை.

"செல்லம்மா, இது அம்மன் இல்லை. ஒம்மவன் சண்டு இழுக்கறான். ரெண்டு நாளா அது இல்லாம ஒடம்பு கேக்குது. எந்தம்பிக்கும் அன்னிக்கு இதுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒங்களோட சேர்ந்து கும்பிட்டேன்," என்றேன். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன். மெதுவாகப் பேச எனக்கு எப்போது தெரிந்தது?

"செத்துத் தெய்வமாப் போனவன அபின்காரன்னு சொல்றீங்களே, ஒங்க நாக்கு அழுகிடாது?" என்று செல்லம்மா என்மேல் பாய்ந்தாள். தலைமுடியைப் பிடித்திருப்பாள். அந்தப் பிள்ளைதான் அவள் கையைப் பிடித்தான். "பெரியம்மா சொல்றது நெசம்மா. அபின்தாம்மா. நாலு மாசமா. முடியலம்மா," என்று தேம்பினான். உன்னையும் அன்று அப்படிச் சொல்ல விட்டிருந்தால் உனக்கு இன்று முப்பத்திரண்டு வயது.

செல்லம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் மச்சான் பால் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தார். ரிக்ஷாவைக் கூப்பிட்டு, பிள்ளையை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். அங்கே படுக்கவைத்திருக்கிறார்களாம், மருந்து கொடுத்து, கஞ்சி ஊற்றியிருக்கிறார்களாம். பிழைப்பானா என்று கேட்டேன். "பொழைப்பான்," என்றார். கைகால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, புள்ள" என்றார். இனி சாகும்வரை அந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டியவள் நான்தான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மரத்தடி விளக்கை யாரும் ஏற்றவில்லை. இந்த வருஷம் உன் நாளுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வராவிட்டால் போகட்டும். காப்போடு செத்தவன் என்று இத்தனை வருஷமும் உனக்குச் சர்க்கரைப் பொங்கலையே படைத்தார்கள். உனக்குத் தித்திப்பு ஆகவே ஆகாது என்று சொல்ல வாய் வராமல் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை நான் தனியாகத்தான் வருவேன். நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வருகிறேன். வயிறு நிறையச் சாப்பிடுடா.