பாராசூட்டின் நடுவில் நான் அடைத்த ஓட்டை

அனுப்புநர்
பி. பொற்கொடி, க/பெ பிரான்சிஸ்,
தார்ப்பாய் தையல் கடை,
பள்ளிக்கூட வீதி, கணபதி,
கோயம்புத்தூர் – 641 006.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: துடியலூர் அருகே 19.02.1995 ஞாயிறு காலை நடக்கவிருக்கும் பாராசூட் சாகசத்தை, நான்கு பாராசூட்களையும் பிரித்துச் சோதிக்கும்வரை நிறுத்திவைக்கக் கோருதல். சிறு விமானம் வீடுகளின் மேல் தாழப் பறப்பதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் மனு வாங்கும் நாள் திங்கட்கிழமை என்பது எனக்குத் தெரியும். குதிக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. அதனால் முறை தவறிப் புதன்கிழமையே கொண்டுவந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. கணபதியில் பதினான்கு வருடங்களாக என் கணவரும் நானும் லாரித் தார்ப்பாய் தைத்துக் கொடுத்து வருகிறோம். வெட்டுவது அவர், மிஷினில் உட்காருவது நான். பத்தாவது வரை படித்திருப்பதால் இந்த மனுவை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே எழுதுகிறேன்.

2. நூற்பாலை முதலாளி திரு. வரதராஜுலு அவர்களின் ஆலைக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. அவர் மகன் திரு. உதய் அவர்கள் நண்பர்களோடு ஒரு பறக்கும் சங்கம் வைத்திருக்கிறார். முன்னால் ஒற்றை விசிறி சுற்றுகிற சின்ன மஞ்சள் விமானம். அதிலிருந்துதான் விழா அன்று நான்கு பாராசூட்களில் குதிக்கப் போகிறார்கள். துடியலூருக்கு வடக்கே அவர்கள் தோட்டத்து மண் ஓடுபாதையில் கிளம்பி, இரண்டு வாரமாக எங்கள் தலைக்கு மேல்தான் ஒத்திகை. தண்ணீர்த் தொட்டியைவிடத் தாழ வந்து, இறக்கையைச் சாய்த்து, விழா நோட்டீசை வீசிவிட்டு, மின்கம்பிக்குக் கொஞ்சம் முன்னால்தான் மேலே எழும்புகிறது. போன வியாழன், பிரியாத நோட்டீசுக் கட்டு ஒன்று பக்கத்துக் கடைசல் பட்டறையின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. பட்டறைக்காரர் திருமலைசாமி டீ குடிக்கப் போயிருந்ததால் தலை தப்பினார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே மொட்டை மாடி ஓரம்வரை ஓடுகிறார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

3. ஐயா, மேலே எழுதியதெல்லாம் உண்மை. ஆனாலும் அதற்காக மட்டும் மனு எழுதும் ஆள் நான் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்துகொண்டு விமானத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். தப்பு செய்தது நான்.

4. போன மாதக் கடைசியில் அந்தச் சங்கத்திலிருந்து ஒரு பாராசூட் எங்கள் கடைக்கு வந்தது. வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வட்டக் குடை. ஓரத்தில் முள்ளில் மாட்டி ஒரு முழம் கிழிந்திருந்தது. அதைத் தைக்கத்தான் கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தால் நட்டநடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை, குறுக்கே நாலைந்து கயிறுகள். யாரோ கிழிசலை அவசரத்துக்கு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கிழிசலுக்கென்று வந்த தார்ப்பாயில் இன்னொரு ஓட்டை கண்ணில் பட்டால் கேட்காமலே அடைத்துக் கொடுத்துவிடுவோம். மழையில் பஞ்சு மூட்டை நனைந்துபோனால் யார் பதில் சொல்வது? அதே எண்ணத்தில் கயிறுகளுக்கு அடியில் வட்டமாகத் துணி வெட்டி வைத்து, இரட்டைத் தையல் போட்டு அடைத்தேன். என் வேலை என்பதற்கு அடையாளமாக, வழக்கம்போல் சிவப்பு நூலில் மூன்று தையலும் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. லேசில் பிரியாது. அதுதான் இப்போது வினை.

திரும்ப வாங்க வந்தது கயல்விழி என்ற பெண். வெள்ளகோவிலிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படிக்கிறாள். சுருட்டி வைத்திருந்ததில் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, “ஏனுங்க அக்கா, கிழிஞ்ச எடமே தெரியலீங்க” என்று சந்தோஷப்பட்டாள். செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டுவானேன் என்று நடுவில் அடைத்ததை நான் சொல்லவில்லை.

5. நேற்று முன்தினம் திரு. சுந்தரராஜுலு அவர்கள் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்க வந்தார். விமானப்படையில் பாராசூட் மடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “நடுவுல இருக்கற ஓட்டையவா அம்மணி அடைச்சுப்போட்டீங்க?” என்றார். அது கிழிசல் இல்லையாம். வேண்டுமென்றே விட்டுத் தைப்பதாம். குடைக்குள் சேரும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். அடைத்துவிட்டால் காற்று ஏதோ ஒரு பக்கமாகப் பிதுங்கும், குடை தொட்டில் போல் இப்படியும் அப்படியும் ஆடும், அந்த ஆட்டத்தோடு தரையில் மோதினால் முதுகெலும்பு தாங்காது, காற்று பலமாக இருந்தால் குடையே மடங்கிவிடவும் கூடும் என்றார். மடிக்கத் தெரிந்தவர் கண்ணில் இது உடனே பட்டிருக்கும் என்றும் சொன்னார். அங்கே மடிப்பவர் விமானத்துக்கு ஆயில் மாற்றும் மெக்கானிக். புத்தகத்தைப் பார்த்து மடிக்கிறார் என்று கயல்விழியே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

6. அன்று மத்தியானமே தோட்டத்துக்குப் போனேன். மேலாளர் திரு. நஞ்சுண்டன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று நான் பதறிக்கொண்டு சொல்ல, “அடைச்சது நல்லதுதானுங்களே” என்றார். மேற்கொண்டு கேட்க அவருக்குப் பொறுமையில்லை. நேற்று சுந்தரராஜுலு ஐயா கைப்பட எழுதிய கடிதத்தோடு மறுபடியும் போனேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்ட மேலாளர், நான் விழா பார்க்க ஆசைப்பட்டுத்தான் நடையாய் நடக்கிறேன் என்று நினைத்துவிட்டார். “எதுக்குங்க இத்தன சிரமம்?” என்று முன்வரிசை அனுமதிச் சீட்டு இரண்டைக் கையில் திணித்து அனுப்பினார். கடிதம் உதய் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. குதிக்கப் போகிற பிள்ளைகள் உள்ளே பயிற்சியில் இருக்கிறார்களாம். வெளியாட்கள் பார்க்கக் கூடாதாம்.

7. ஆலை லாரிகளின் தார்ப்பாய் வேலை முழுக்க எங்களிடம்தான் வருகிறது. மனு கொடுத்தால் அது போய்விடும் என்று என் கணவர் தயங்கினார். இரண்டு நாளாக எனக்குத் தையல் ஓடவில்லை. மிஷினை மிதித்தால் அதன் சத்தமே விமானச் சத்தமாகக் கேட்கிறது. இன்று காலை அவரே, “போயிக் குடுத்துப்போட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைத்த குடையை வாங்கிப்போன அன்று வேனில் ஏறும்போது கயல்விழி திரும்பிப் பார்த்து, “நாந்தான் மொதல்ல குதிக்கிறேனுங்க அக்கா. நீங்க தெச்ச கொடையத்தான் எடுத்துக்குவேன், கெட்டியா இருக்குமில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் விடுதி எது என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, ஞாயிறு காலைக்குள் நான்கு பாராசூட்களையும் விவரம் தெரிந்த ஒருவர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கவும், அதுவரை யாரும் குதிக்காமலும் விமானம் வீடுகளின் மேல் தாழப் பறக்காமலும் தடுக்கவும் உத்தரவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருடமாக ஓட்டை இருந்தால் கெட்ட துணி என்று பார்த்துப் பழகியவள் நான். அங்கே இருக்கும் நான்கில் ஓட்டை இல்லாததுதான் கெட்டது. சிவப்பு நூலில் மூன்று தையல் இருக்கும். தங்கள் அலுவலர் ஒருவர் அந்த வாசலைத் தாண்டி என்னைக் கூட்டிப்போனால் போதும். இனி யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி என் கையாலேயே அதைக் கத்தரித்துப் போடுகிறேன். அதற்கு வரும் பழியும் என்னையே சேரட்டும். கத்தரிக்கோல் பையில் இருக்கிறது. தங்கள் பதில் தெரியும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 15.02.1995

பணிவுடன் கையொப்பமிடுபவள்,
பி. பொற்கொடி

இணைப்பு:
1. திரு. சுந்தரராஜுலு அவர்களின் கடித நகல்.
2. முன்வரிசை அனுமதிச் சீட்டு இரண்டு. இவற்றைத் திருப்பி ஒப்படைக்கிறேன். அந்தப் பிள்ளை இறங்குவதை அத்தனை பக்கத்தில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது.